ஸ்வீட் பாக்ஸுக்குப் பதிலாக வீடியோ கார்டு: 120 வாங்கிய கதை

எங்கள் கம்பெனி செய்வது சேறு பிழியும் மெஷின். சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது தொட்டியின் அடியில் தங்கும் சேறு இருக்கிறதே, அதை உள்ளே விட்டால் ஒரு பக்கம் தண்ணீர் வடியும், மறுபக்கம் புண்ணாக்கு மாதிரி கட்டி விழும். கோயம்புத்தூர் கணபதியில் சின்ன ஒர்க்‌ஷாப், மொத்தம் 34 பேர். அதில் மார்க்கெட்டிங் என்று போர்டு வைத்த மேஜைக்குப் பின்னால் இருப்பது நான் ஒருத்திதான். கொட்டேஷன் அடிப்பது, எக்ஸிபிஷன் ஸ்டாலுக்கு ஃப்ளெக்ஸ் கொடுப்பது, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் ஆர்டர் பண்ணுவது எல்லாம் என் பாடு.

இந்த மெஷினை விற்பதில் ஒரு தொல்லை உண்டு. வெளியே இருந்து பார்த்தால் அது ஒரு ஸ்டீல் குழாய், ஒரு மோட்டார், அவ்வளவுதான். உள்ளே திருகு மெதுவாகச் சுற்றுவதும், வளையங்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிவதும்தான் விஷயம். அதைப் போட்டோவில் காட்ட முடியாது. வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால் சாயப்பட்டறை முதலாளியின் போனில் அது நானூறோடு நானூற்றி ஒன்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் தொழில் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து மெஷின் விற்க வரும் ஆட்களைப் பார்த்துப் பார்த்து அவர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். வாசலிலேயே "கேட்லாக் வெச்சுட்டுப் போங்க" என்பார்கள். வைத்துவிட்டு வருவோம்.

போன வருஷம் எங்கள் எம்.டி. ஒரு எக்ஸிபிஷனில் இருந்து ஒரு அட்டையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கல்யாணப் பத்திரிகை மாதிரி தடியாக இருந்தது. திறந்தால் உள்ளே ஒரு சின்னத் திரையில் படம் தானாக ஓடுகிறது. "தீபாவளிக்கு எல்லாரும் ஸ்வீட் கொடுக்கறாங்க. நம்ம பாக்ஸ் எதுன்னு அவங்களுக்கே தெரியாது. இந்த வருஷம் இது மாதிரி ஒண்ணு பண்ணலாம் பாருங்க" என்றார். இப்படித்தான் நான் வீடியோ ப்ரோஷர் வாங்கக் கிளம்பினேன். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு வரை இழுத்த கதை இது. வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். சப்ளையர் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் விசாரித்த நான்கு பேருமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசினார்கள்.

சரக்கு புதிது ஒன்றுமில்லை. 2009 செப்டம்பரிலேயே அமெரிக்காவில் என்டர்டெயின்மென்ட் வீக்லி பத்திரிகையின் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் பிரதிகள் சிலவற்றில் சிபிஎஸ் டிவியும் பெப்சியும் சேர்ந்து இப்படி ஒரு திரையை ஒட்டி விளம்பரம் செய்தார்கள். அடுத்த வருஷமே நம் ஊரில் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்துக்காக ஆங்கில நாளிதழைப் பிரித்தால் பேசுகிற மாதிரி சிப் ஒட்டி வந்தது. அன்று அதிசயம். இன்று ஷென்சென்னில் இருந்து திரை, போர்டு, பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பாக இறங்குகிறது. அதை 'மாட்யூல்' என்பார்கள். சென்னையிலோ மும்பையிலோ அட்டை அச்சடித்து, இதை உள்ளே வைத்து ஒட்டித் தருவதுதான் இங்கே நடக்கும் வேலை. அதாவது நாம் பேசும் ஆள் அச்சகக்காரர். எலெக்ட்ரானிக்ஸ் பற்றிக் கேட்டால் "சீனாவில் கேட்டுச் சொல்றேன் மேடம்" என்பார். இது எனக்கு முதல் வாரத்தில் புரியவில்லை.

திரை 2.4 அங்குலத்தில் இருந்து 10.1 வரை கிடைக்கிறது. 4.3, 5, 7 மூன்றும்தான் அதிகம் போகும். 4.3 அங்குலத் திரையில் பெரும்பாலும் 480க்கு 272 புள்ளிகள்தான். எங்கள் வீடியோவை அதில் ஓட்டிப் பார்த்தேன். சேறு எது, தண்ணீர் எது என்று எனக்கே தெரியவில்லை. 7 அங்குலம் அருமையாக இருந்தது, ஆனால் ஒன்று 2,150 ரூபாய். நடுவில் 5 அங்குலம், 800க்கு 480, ஒன்று 1,350 என்று முடித்தோம். 120 கார்டுக்கு 1,62,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 29,160. ஆக மொத்தம் 1,91,160. எம்.டி. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "ஸ்வீட் கம்மி பண்ணிக்கலாம்" என்றார்.

திரையின் அளவை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரே 5 அங்குலத்தில் டி.என். என்று ஒரு வகை, ஐ.பி.எஸ். என்று ஒரு வகை. முதலாவதை நேராகப் பார்த்தால் பரவாயில்லை. மேஜையில் படுக்க வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தால் முகம் கறுத்து, வெள்ளை மஞ்சளாகி, நெகடிவ் மாதிரி தெரியும். நம் ஊர் ஆபீஸில் கார்டை யாரும் கையில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதில்லை. மேஜையில் போட்டு நாலு பேர் சுற்றி நின்றுதான் பார்ப்பார்கள். ஐ.பி.எஸ்.ஸில் இந்தத் தொல்லை இல்லை. அதனால் ஐ.பி.எஸ். என்று பி.ஓ.விலேயே, அதாவது ஆர்டர் கடிதத்திலேயே, எழுதி வாங்கினேன். இந்த ஒரு விஷயத்தில் என் முதுகை நானே தட்டிக்கொள்ளலாம்.

மற்றதில் எல்லாம் சறுக்கல்தான். முதல் சறுக்கல் சாம்பிள். அவர்கள் அனுப்பியது வெள்ளை அட்டையில் வேறு யாருடைய கார் விளம்பரமோ ஓடுகிற சாம்பிள். திரை நன்றாக இருந்தது, சத்தம் நன்றாக இருந்தது, சரி என்று சொல்லிவிட்டேன். என் அட்டையில், என் டிசைனில், என் வீடியோவோடு ஒன்று செய்து காட்டச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு 4,000 ரூபாய் கேட்டார்கள், மிச்சம் பிடித்தேன்.

அந்த மிச்சம் எங்கே போனது என்று சொல்கிறேன். எங்களுக்குத் திருப்பூர், ஈரோடு மட்டுமில்லாமல் ராஜஸ்தானில் பாலி, பஞ்சாபில் லூதியானா என்று ஆட்கள் உண்டு. அதனால் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று பொத்தான் கேட்டேன். எதை அழுத்துகிறோமோ அந்த மொழியில் படம் ஓடும். பொத்தான் அட்டைக்கு அடியில் இருக்கும், மேலே நாம் அடித்த படத்தின் மீது அழுத்த வேண்டும். 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு, அதாவது தடித்த அட்டை, அதன் மேல் மேட் லேமினேஷன் என்ற பளபளப்பில்லாத பிளாஸ்டிக் உறை. கட்டைவிரலை வைத்து அமுக்கினால்தான் வேலை செய்கிறது. போதாததற்கு என் டிசைனர் போட்ட வட்டமும் அடியில் இருக்கும் பொத்தானும் நாலு மில்லிமீட்டர் தள்ளி இருந்தன. 'தமிழ்' என்ற எழுத்தை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அதற்குக் கொஞ்சம் கீழே அழுத்த வேண்டும். மாட்யூலின் அளவு வரைபடத்தை முதலில் வாங்கி, அதன் மேல்தான் டிசைன் போட வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். நல்ல வேளை, திறந்தவுடன் தமிழ்ப் படம் தானாக ஓடும்படி வைத்திருந்ததால் திருப்பூரில் யாரும் பொத்தானைத் தேடவில்லை. லூதியானாக்காரர் என்ன செய்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே இருந்தது. கருநீலம் முழுக்க அடித்து மேட் லேமினேஷன் போட்டால் ஒவ்வொரு கைரேகையும் தெரியும், அது என் தப்பு. மடிப்பில் கிரீசிங், அதாவது மடிப்பதற்கான தடம், சரியாக விழாத சிலவற்றில் நீலம் வெடித்து வெள்ளைக் கோடு தெரிந்தது.

வீடியோவுக்கு வருகிறேன். எங்களிடம் ஏற்கெனவே ஆறு நிமிஷப் படம் ஒன்று இருந்தது. ட்ரோன் ஷாட்டில் ஃபேக்டரி, எம்.டி. கோட்டு போட்டு நடந்து வருவது, கைகுலுக்குவது எல்லாம் உண்டு. அதை அப்படியே போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தோம். 5 அங்குலத் திரையில் எம்.டி. ஓர் எறும்பு மாதிரி நடந்து வந்தார். அவரே "வெட்டிடுங்க" என்றார். கடைசியில் எடிட்டருக்கு 22,000 கொடுத்து 75 விநாடிப் படமாகச் செய்தோம். முதல் காட்சியே கறுப்புச் சேறு உள்ளே விழுவது. லோகோ கடைசியில். எழுத்தெல்லாம் திரையில் ஆறில் ஒரு பங்கு உயரத்துக்குக் குறையக் கூடாது என்று எடிட்டரிடம் கறாராகச் சொன்னேன். முதலாளிகளில் பாதிப் பேர் கண்ணாடியைத் தேடுகிற வயது.

இன்னொன்று, 800க்கு 480 என்பது நம் டிவியின் 16:9 வடிவம் இல்லை. சாதாரண படத்தைப் போட்டால் ஒன்று மேலும் கீழும் மெல்லிய கறுப்புப் பட்டை வரும், இல்லை இழுத்துவிட்டு மெஷினே கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும். அந்த அளவுக்கே எடிட் செய்யச் சொல்லிவிட வேண்டும். முழு எச்.டி. படத்தை அப்படியே ஏற்றினால் திக்கித் திக்கி ஓடும். கார்டில் இருக்கும் சிப்புக்கு அவ்வளவு தெம்பு கிடையாது.

இதெல்லாம் போகட்டும். பேட்டரிதான் என்னை அழவைத்தது. வீடியோ கார்டு வாங்குகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் 120 லித்தியம் பேட்டரியை அட்டையில் சுற்றி வாங்குகிறோம்.

கொட்டேஷனில் பேட்டரியின் கொள்ளளவு 1,000 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருந்தது. பிறகு ஓடாத ஒரு கார்டை எங்கள் எலெக்ட்ரீஷியன் பிளேடால் பிரித்துப் பார்த்தபோது, பேட்டரியின் மேல் 800 என்று அச்சடித்திருந்தது. கேட்டால் "சீனாவில் மாத்திட்டாங்க மேடம்" என்று பதில். முழுச் சத்தத்தில் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்தேன், 1 மணி 35 நிமிஷம் தாங்கியது. 75 விநாடிப் படத்துக்கு இது தாராளம்தான். ஆனால் எழுதியது ஒன்று, வந்தது ஒன்று.

அப்புறம் டெலிவரி. 20 நாளில் தருவதாகச் சொன்னார்கள். மாட்யூல் வரவில்லை என்று ஒரு வாரம் போனது. அதற்குள் அக்டோபர் முதல் தேதி வந்துவிட்டது. சீனாவில் அன்று தேசிய தினம், ஒரு வாரம் கடை அடைப்பு. இது எல்லா வருஷமும் வருவது, சப்ளையருக்குத் தெரியாமல் இருக்காது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. சீனப் புத்தாண்டு சமயத்தில், அதாவது ஜனவரி, பிப்ரவரியில், இன்னும் அதிக நாள் இழுக்கும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆடி மாதமே பி.ஓ. போட்டுவிட வேண்டும். லித்தியம் பேட்டரி என்பதால் விமானத்தில் அனுப்ப யூ.என். 38.3 என்ற பேட்டரிப் பாதுகாப்புச் சோதனையின் சான்று கேட்பார்கள். அது நம் சப்ளையரிடம் இருக்கிறதா என்று முன்பே கேட்டு ஒரு காப்பி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நான் கேட்கவில்லை. லூதியானா, பாலி பார்சல்களை இங்கிருந்து தரைவழியில் அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

ஒருநாள் காலை கூரியர் குடோனில் இருந்து போன். "அக்கா, உங்க பொட்டி பேசுதுங்க."

எனக்குப் புரியவில்லை. "என்ன தம்பி பேசுது?"

"உள்ள ஒரு ஆளு சேறு, சேறுன்னு சொல்லிட்டே இருக்காருங்க. நிறுத்தறதே இல்ல. இங்க எல்லாரும் பயந்துக்கறாங்க."

விஷயம் இதுதான். கார்டின் மூடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். மூடியிருக்கும்போது அது உள்ளே இருக்கும் ஸ்விட்சை அணைத்து வைத்திருக்கும். திறந்தால் காந்தம் விலகிப் படம் ஓடும். பெட்டியில் கார்டுகளைச் செங்குத்தாக அடுக்கி, மேலே இடைவெளி விட்டு பேக் செய்திருந்தார்கள். லாரி குலுங்கியதில் மூடிகள் லேசாக வாயைத் திறந்துகொண்டன. சென்னையில் இருந்து கோயம்புத்தூர் வரை எங்கள் சேறு பிழியும் மெஷினின் பெருமையைப் பெட்டிக்குள் எத்தனை குரல்கள் சொல்லிக்கொண்டே வந்தனவோ! பிரித்துப் பார்த்தபோது 30க்கு மேல் செத்துக் கிடந்தன. இழுத்து எடுக்கும் பிளாஸ்டிக் தாள் வைத்த மாட்யூல் உண்டாம். அதை எடுக்கும்வரை பேட்டரி இணைப்பே கிடையாது. ஒரு கார்டுக்குச் சில ரூபாய்தான் கூட ஆகியிருக்கும். இதையும் பிறகுதான் சொன்னார்கள்.

சரி என்று பத்து கார்டை ஒரே நேரத்தில் செருகும் சார்ஜர் ஒன்று வாங்கினேன். ஒர்க்‌ஷாப் பையன்கள் இரண்டு இரவு உட்கார்ந்து 120 கார்டையும் சார்ஜ் செய்து, ஒவ்வொன்றையும் மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தார்கள். ஏழு தேறவில்லை. மூன்றில் படமே வரவில்லை, இரண்டில் சத்தம் இல்லை, இரண்டில் திரைக்காக வெட்டிய ஜன்னல் தள்ளிப்போய்த் தகட்டு விளிம்பு தெரிந்தது. முதல் ஐந்தை மாற்றித் தந்தார்கள், தீபாவளி முடிந்து. ஜன்னல் தள்ளிய இரண்டுக்கு "அது டாலரன்ஸுக்குள்ள வரும் மேடம்", அதாவது அனுமதிக்கப்பட்ட அளவு வித்தியாசம்தான், என்று சொல்லிவிட்டார்கள். மெஷின் கம்பெனியில் வேலை பார்ப்பவளிடம் டாலரன்ஸ் பற்றிப் பேசுகிறார்கள்!

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொன்னால் உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். நான் மறுபடி வாங்குவேன்.

ஏனென்றால் அதைக் கொடுக்கும்போது கூடவே இருந்து பார்த்தேன். எங்கள் சர்வீஸ் இன்ஜினியரோடு நாலு நாள் திருப்பூரில் அலைந்தேன். ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தால் "தேங்க்ஸ்ங்க" என்று வாங்கி அலமாரியில் இருக்கும் மற்ற பாக்ஸ்களோடு வைத்துவிடுவார்கள். இந்தக் கார்டைக் கொடுத்தால் பத்திரிகை என்று நினைத்துத் திறக்கிறார்கள். திறந்ததும் சேறு விழும் சத்தம். அடுத்த 75 விநாடி யாரும் போனை எடுப்பதில்லை. பில் போடும் பெண் எழுந்து வருகிறாள், மேனேஜர் வருகிறார், டீ கொண்டுவந்த பையன் தட்டோடு நிற்கிறான். வீரபாண்டி பக்கம் ஒரு பட்டறையில் முதலாளி இரண்டாம் முறை ஓடவிட்டு, கட்டி விழும் இடத்தில் "இதுல ஈரம் எவ்வளவு இருக்குமுங்க?" என்று கேட்டார். இரண்டு வருஷமாக அவர் வாசலுக்கு நான் போய்க்கொண்டிருக்கிறேன். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

நாங்கள் பார்த்துப் பார்த்துக் கொடுத்தது நூறு பேருக்கு: திருப்பூர் 58, ஈரோடு, பெருந்துறை 17, கரூர் 9, வடக்கே 16. மிச்சம் 20 கையிருப்பு, அந்த ஏழும் அதில் அடக்கம். பொங்கலுக்குள் 31 பேர் கூப்பிட்டார்கள், 12 பேர் கணபதிக்கே வந்து மெஷின் ஓடுவதைப் பார்த்தார்கள், இரண்டு ஆர்டர். எங்கள் சின்ன மெஷினே 11 லட்சம் என்பதால் கணக்கு நேர். இதே கார்டை மிக்ஸி விற்கவோ சேலை விற்கவோ ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் கையைக் கடிக்கும். அதற்கு 25 ரூபாய் ப்ரோஷரில் கியூ.ஆர். கோடு அடித்தால் போதும். நாங்களும் பழைய ப்ரோஷரில் கோடு போட்டுத்தான் இருந்தோம், ஒரு வருஷத்தில் ஸ்கேன் செய்தவர்கள் பதினாலு பேர். அதில் நாலைந்து நானே.

நேரில் கொடுத்ததற்கும் கூரியரில் போனதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வடக்கே அனுப்பிய 16இல் ஒரே ஒரு போன்தான் வந்தது. அதுவும் "இதை எப்படி சார்ஜ் பண்ணுவது?" என்று. சார்ஜ் போடும் துளை எங்கே இருக்கிறது என்று கார்டில் அச்சடிக்க மறந்திருந்தோம். பழைய மைக்ரோ யூ.எஸ்.பி. வேறு. அந்த வயர் இப்போது யார் வீட்டில் இருக்கிறது?

ஒரு நெருடல் உண்டு. பழையதானால் இதை என்ன செய்வார்கள்? பழைய பேப்பர்காரர் தராசில் பேப்பரோடு சேர்த்துப் போடுவார். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பது அவருக்குத் தெரியாது, மடக்கினாலோ நசுக்கினாலோ தீப்பிடிக்கலாம். சப்ளையரிடம் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்றேன், சிரித்தார். அடுத்த தடவை பின்னட்டையில் 'வேண்டாமென்றால் எங்களிடமே கொடுங்கள்' என்று போன் நம்பரோடு அடிக்கப் போகிறேன்.

மார்க் போடச் சொன்னால் பொருளுக்கு 5க்கு 4, அதை விற்றவருக்கு 2. டிசைன் விஷயத்தில் எனக்கும் 2தான்.

இந்த ஆடியில் 60 கார்டுக்கு கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். ஒரே மொழி, பொத்தான் கிடையாது, யூ.எஸ்.பி. சி துளை, இழுத்தெடுக்கும் தாள், பேட்டரி அளவு எழுத்தில், படுக்க வைத்து பேக்கிங், என் அட்டையிலேயே காசு கொடுத்து ஒரு சாம்பிள். படத்தை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டித் தர முடியுமா என்றும் கேட்டேன், முடியுமாம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வீரபாண்டி முதலாளியின் பேரன் எங்கள் படத்தை அழித்துவிட்டு அதில் பொம்மைப் படம் ஏற்றி வைத்திருக்கிறானாம். போன வாரம் சர்வீஸுக்குப் போன எங்கள் இன்ஜினியரிடம் அவர் இன்னொரு கார்டு கேட்டிருக்கிறார். கையிருப்பில் இருந்து ஒன்றை சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன், நாளைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.